துறைமேடையில் பேசப்பட்ட ஒரு சொல்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், நாமெல்லாம் தூதரகத்தில் வெறும் உள்ளூர்ப் பணியாளர்கள். டைப் அடிக்கிறோம், போன் எடுக்கிறோம். ராஜதந்திரம் எல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அதில் என்ன இருக்கிறது?" அவருக்கு அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அப்படி மழுப்பியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அதனால் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் எழுதித் தருகிறேன்.

எந்த நாட்டின் தூதரகத்தில் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வேலையில் சேரும்போது வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றால் வாக்கும் ஓய்வு பெற்றுவிடுமா? அது ஒரு சிறிய தீவு நாடு. எதிர்ப்பக்கம் இருந்தது ஒரு பெரிய நாடு. அந்தப் பெயர்களே இந்தக் கதைக்குப் போதும்.

எழுபதுகளின் நடுவில் அபுதாபிக்கு வந்தேன். என் கணவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்குப் பார்த்தார். நான் திருச்சியில் பி.ஏ. முடித்து, சுருக்கெழுத்து ஹையர் பாஸ் பண்ணியவள். மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மலையாளி அம்மா ஒருவர் கிடைத்ததும் வேலை தேடினேன். தீவு நாட்டின் தூதரகம் அப்போதுதான் திறந்திருந்தது. ஹம்தான் தெருவுக்குப் பின்னால், கீழே மெத்தைக் கடை, மேலே எங்கள் அலுவலகம். பால்கனியில் கொடி. கொடிக்குக் கீழே கடைக்காரன் மெத்தைகளை வெயிலில் காயப் போடுவான்.

ஆட்கள் மிகக் குறைவு. தூதர், ஒரு இளம் செயலாளர், நான், டிரைவர் மாணிக்கம். மாணிக்கம் பரமக்குடிப் பக்கம். கேம்பில் தங்கி சைட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் தூதர்தான் காருக்குக் கொண்டுவந்தார்.

தூதர் ஐம்பது வயதுக்காரர். வெளியுறவுத் துறைக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவராம். அவர் மனைவி படுக்கையில் இருந்த தன் தாயைப் பார்த்துக்கொண்டு தீவிலேயே இருந்துவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பார். அவரும் நானும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் பேச்செல்லாம் எனக்குத் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

பெரிய நாட்டின் தலைநகரில் ஒரு தூதரகம் வைக்கத் தீவு நாட்டுக்கு வசதி இல்லை. தீவில் ஒன்று திறக்கப் பெரிய நாட்டுக்கு அக்கறை இல்லை. அதனால் இரண்டுக்கும் நடுவிலான போக்குவரத்து முழுவதும் அபுதாபியில் இருந்த இரண்டு தூதரகங்கள் வழியாகவே நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் மேஜையிலிருந்த போன் வழியாக. அந்தப் பக்கம் போனை எடுப்பவர் அவர்கள் தூதரின் காரியதரிசி, ஒரு பெண். குரலை வைத்து நல்ல உயரமான, கம்பீரமான பெண்மணி என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது நான், "கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், மகளுக்கு இருமல், வீட்டுக்குப் போக வேண்டும்" என்றேன். அன்றிலிருந்து எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் இருமலை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். மணல் காற்று அடிக்கும் நாளில் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எங்கள் வீட்டில் அவருக்கு 'இருமல் ஆன்ட்டி' என்று பெயர்.

பிறகு சண்டை வந்தது. பெரிய நாட்டுக் கடற்படைக் கப்பல்கள் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பத் தீவின் துறைமுகத்தில் நின்று போவது வழக்கம். தீவில் ஆட்சி மாறியது. புதிய அரசு, இனி நிற்கக் கூடாது என்றது. பெரிய நாடு, கட்டித் தருவதாகச் சொன்ன அலைதடுப்புச் சுவரைக் கட்ட மாட்டேன் என்றது. இரண்டு பக்கமும் பேச்சு தடித்தது. கடைசியில் எங்களுக்கு டெலக்ஸ் வந்தது: மறு உத்தரவு வரும்வரை நம் பிரதிநிதிகள் யாரும் அந்த நாட்டின் பிரதிநிதிகளோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, சந்திக்கக் கூடாது.

அதைப் படித்த கையோடு போன் அடித்தது. இருமல் ஆன்ட்டிதான்.

"எங்களுக்கும் வந்துவிட்டது," என்றார். "இதுதான் கடைசி என்று நினைக்கிறேன்."

"ஆமாம்."

"குழந்தை?"

"இன்றைக்குப் பரவாயில்லை."

"நல்லது," என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த போனில் அந்தக் குரல் கேட்கவில்லை. தேசிய தின விருந்துகளில் இரண்டு தூதர்களும் அறையின் எதிரெதிர் மூலையில் நிற்பார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரிப்பார்கள். இப்படியே ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஓடிவிட்டது.

ஜூன் மாதம். அரபிக் கடல் கொந்தளிக்கும் காலம். தேங்காய் நாரும் கொப்பரையும் ஏற்றிக்கொண்டு துபாய்க்கு வந்துகொண்டிருந்த தீவு நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று ஓமனுக்கு வெளியே முழுகிவிட்டது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது பெரிய நாட்டின் போர்க்கப்பல். அவர்கள் படகு இறக்கி, மாலுமிகள் எல்லாரையும் காப்பாற்றி, துபாய் ராஷித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. கேட்டதும் மெத்தைக் கடைக்காரனுக்குக்கூட இனிப்புக் கொடுத்தோம்.

அந்த இனிப்பு வாயில் கரைவதற்குள் சிக்கல் ஆரம்பித்தது.

போர்க்கப்பலின் கேப்டனுக்கு அவர் அரசு சொன்னது: மாலுமிகளைத் தீவு நாட்டின் பிரதிநிதி நேரில் வந்தால்தான் விட வேண்டும். அதோடு, அவர்களுடைய இளம் செய்தித் தொடர்பு அதிகாரி ஒருவர் ஊரெல்லாம் போன் போட்டு, தூதர் கப்பலுக்கு வந்து கேப்டனோடு கைகுலுக்குவார், நன்றி சொல்வார், படம் எடுக்கலாம் என்று பத்திரிகைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இது எங்கள் தலைநகருக்கு எட்டியது. உடனே டெலக்ஸ்: மாலுமிகளை அவர்கள் கையிலிருந்து ஏற்காதீர். பழைய உத்தரவு அப்படியே இருக்கிறது.

துறைமுகத்தாரோ நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கப்பல் மறுநாள் விடியற்காலை கிளம்புகிறது. விடாவிட்டால் மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த துறைமுகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அன்று காலையில் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு போன். ஹிந்திக்காரர். "மேடம், ஏக் ஆத்மி பஹுத் சீரியஸ் ஹை. ஜல்தி குச் கரோ." ஒரு ஆள் ரொம்ப மோசமாக இருக்கிறான், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்றார். ஒருவனுக்குச் சரக்கு சரிந்து கால் நசுங்கியிருக்கிறது. கப்பல் டாக்டர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டார். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வேண்டும். அந்தப் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

நான் தூதரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேஜையில் இரண்டு டெலக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இளம் செயலாளர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தூதர் உத்தரவுகளை எப்போதும் வாய்விட்டுத்தான் படிப்பார். வகுப்பில் படித்துக்காட்டிய பழக்கம் போலிருக்கிறது. அன்றும் படித்தார். இரண்டாவது தடவை 'நம் பிரதிநிதிகள்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வசந்தா, நீங்கள் எந்த நாட்டுக் குடிமகள்?"

"இந்தியா, சார்."

"எங்கள் நாட்டின் பிரதிநிதியா நீங்கள்?"

"உங்களிடம் சம்பளம் வாங்குகிறேன், சார்."

"நான் அதைக் கேட்கவில்லை."

எனக்குப் புரிந்துவிட்டது. "நான் போய்..." என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தித் தடுத்தார். "நான் உங்களை எங்கும் அனுப்பவில்லை. நான் அனுப்பினால் அந்த நொடியே நீங்கள் பிரதிநிதி ஆகிவிடுவீர்கள். என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லப் போவதும் இல்லை. நீங்கள் போகாமல் இருந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பையனை இன்றைக்குள் கீழே இறக்கியாக வேண்டும்."

நான் என் மேஜைக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். போனில் அப்படித்தான் சொல்ல முடியும்.

அவர் கேட்டார்: "ஏதாவது ஆச்சுன்னா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அதுக்கு மேல? போலீஸ் கீலீஸ்னு?"

"தெரியலைங்க."

"சரி. உன் விசா என் பேர்லதானே இருக்கு, நாட்ட விட்டு அனுப்ப மாட்டாங்க. போயிட்டு வா. பாப்பாவ நான் போய்க் கூட்டிக்கறேன். வெறும் வயத்தோட போகாத, ஏதாவது சாப்டுட்டுப் போ."

நான் சாப்பிடவில்லை. டாக்சி பிடித்துக் கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலைப் பக்கம் போனேன். தூதரகக் கார் அங்கே நிற்கக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெரிய நாட்டின் தூதரகம் உயரமான சுவர் வைத்த பெரிய வில்லா. வாசலில் காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்றார். தூதரின் காரியதரிசியை, சொந்த விஷயம் என்றேன். வரவேற்பறையில் உட்காரவைத்தார்கள். ஏ.சி. குளிரில் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு குள்ளமான, ஒல்லியான அம்மாள் வந்தார். நரைத்த தலை. ஒரு கால் பிறவியிலேயே குட்டை போல. நான் வேறு யாரோ என்று நினைத்து அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைக் கேட்டது நீங்களா? நமக்கு அறிமுகம் உண்டா?" என்றார்.

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "என் மகளுக்கு இருமல் சரியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றேன்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சட்டென்று சமாளித்து, காவலாளிக்குக் கேட்கும்படி, "எனக்கு இப்போது இடைவேளை. வெளியே நடந்துவிட்டு வரலாம், வாருங்கள்," என்றார்.

ஜூன் மாத வெயிலில் கார்னிஷில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அவர் நடைக்கு ஏற்ப நானும் நடந்தேன். பையனின் காலைப் பற்றிச் சொன்னேன். எங்களுக்கு என்ன உத்தரவு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "எங்கள் தூதர் கைகுலுக்கவோ பேசவோ முடியாது. ஆனால் வர முடியும்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் நின்றுவிட்டார். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"கேப்டனுக்குப் போன உத்தரவில் நான் என்ன டைப் அடித்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்," என்றார். "முப்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என்ன அடிக்கவில்லை என்று சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 'கைகுலுக்கல்' என்று நான் அடிக்கவில்லை. 'படம்' என்று அடிக்கவில்லை. 'நன்றி' என்றும் அடிக்கவில்லை. அதெல்லாம் ஒரு இளைஞருடைய ஆர்வக்கோளாறு."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தன் அலுவலகத்தின் ரகசியத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. நானும் தரவில்லை. ஆனால் இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவில் ஒரு மனிதன் இறங்கி வருகிற அளவுக்கு வழி இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் தூதர் கீழே துறைமேடையில் நிற்கலாம். அவர்கள் கேப்டன் மேலே தளத்தில் நிற்கலாம். பிரதிநிதி வந்துவிட்டார் என்று கேப்டன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மாலுமிகள் தங்கள் காலாலேயே நடந்து இறங்கினால், யாரும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவில்லை.

"உங்கள் தூதர் ஒத்துக்கொள்வாரா?" என்று கேட்டேன்.

"நேற்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. அந்தப் பையனைச் சுமந்துகொண்டு கப்பல் கிளம்புவதை அவர் மட்டும் விரும்புவாரா?" என்றார். "நீங்கள் போங்கள். ஒரு ராங் நம்பர் வரும்."

அலுவலகத்துக்கு வந்தேன். தூதர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ஹலோ, பியூட்டி சலூன்தானே? எனக்கு மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள்," என்றது அந்தக் குரல்.

"ராங் நம்பர், மேடம்," என்றேன்.

"மன்னிக்கவும்," என்று வைத்துவிட்டார்.

நான் தூதரின் அறைக்குப் போய், "சார், மூன்று மணிக்கு நீங்கள் ராஷித் துறைமுகத்துக்குப் போக விரும்பினால் இப்போதே கிளம்ப வேண்டியிருக்கும்," என்றேன். அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். மாணிக்கம் காரில் கொடியைக் கட்டினான். ஆம்புலன்ஸுக்கும் துறைமுகத்துக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

அன்றைய துபாய் சாலையில் இரண்டு பக்கமும் மணல்தான். தூதர் வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "உங்கள் கணவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றதும் தலையை ஆட்டினார்.

போர்க்கப்பல் ஒரு கட்டிடம் மாதிரி நின்றது. மேலே தளத்தில் வெள்ளைச் சீருடையில் கேப்டன், அவர் பக்கத்தில் சிலர். கீழே துறைமேடையில், கொடி கட்டிய காருக்கு முன்னால் எங்கள் தூதர். ஆம்புலன்ஸ் கிரேன்களுக்கு அந்தப் பக்கம் நின்றது. அதற்கு மேல் வண்டி வரப் பாதை இல்லை. பத்திரிகைக்காரர்களை யாரோ திருப்பி அனுப்பியிருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கேப்டன் எங்கள் காரின் கொடியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தலையசைத்தார்.

மாலுமிகள் இறங்கினார்கள். பெரிய நாட்டுக் கடற்படையின் தொளதொளச் சட்டை போட்டிருந்தார்கள். காலில் அளவு பொருந்தாத செருப்பு. ஒவ்வொருவரையும் தூதர் கட்டிக்கொண்டார். சிலர் அழுதார்கள். எல்லாம் நாங்கள் நினைத்தபடியே நடந்தது, கடைசி ஆள் வரும்வரை.

கடைசி ஆளால் நடக்க முடியாது. இதை நாங்கள் இரண்டு பெண்களும் யோசித்திருக்கவில்லை.

நான்கு கடற்படைச் சிப்பாய்கள் ஸ்ட்ரெச்சரில் பையனைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படியில் இறங்கினார்கள். பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி டாக்டர். கடைசிப் படியில் வந்து நின்றுவிட்டார்கள். துறைமேடையில் கால்வைக்க அவர்களுக்கு அனுமதி இருந்ததோ இல்லையோ தெரியாது. மேலே கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் தூரத்திலிருந்து ஓடிவர ஆரம்பித்திருந்தார்கள். கீழே இருந்த சிமென்ட் தரையில் வெறும் கால் வைத்தால் கொப்புளித்துவிடும். முன்னால் இருந்த சிப்பாய் ஒருவன் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்துவிடலாமா என்று குனிந்தான். பையன் கண்ணை மூடியிருந்தான். உதடு வெடித்திருந்தது.

நான் தூதரைப் பார்த்தேன். அவர் எதையும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. நேராகப் போய் முன்பக்கக் கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிப்பாய் விலகிக்கொண்டான்.

"மாணிக்கம்!" என்றேன்.

"இந்தா வந்துட்டேங்க்கா," என்று மாணிக்கம் மற்றதைப் பிடித்தான். நான் டாக்டர் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் இருந்த இரண்டு சிப்பாய்களுக்குக் கைப்பிடியை விட மனசில்லை, விடவும் முடியாது. அப்படியே எங்களோடு துறைமேடையில் இறங்கிவிட்டார்கள். முன்னால் தீவு நாட்டுத் தூதர், பின்னால் பெரிய நாட்டுச் சிப்பாய்கள், நடுவில் அந்தப் பையன்.

ஆம்புலன்ஸுக்குப் போகும் வழியில் கிரேன் ஓடும் தண்டவாளம் குறுக்கே இருந்தது. அதைத் தாண்டும்போது தூதர் திரும்பிப் பார்க்காமல், "மெதுவாக," என்றார்.

பின்னால் இருந்த சிப்பாய், "யெஸ், சார்," என்றான்.

கிட்டத்தட்ட ஒரு வருஷத்தில் அந்த இரண்டு நாடுகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வேறு எதற்கோ துறைமுகத்துக்கு வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் தூரத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார். மறுநாள் வந்துவிட்டது. எங்கள் தூதரின் முகமும் சிப்பாயின் தொப்பியும் அதில் அவ்வளவு தெளிவு. தீவில் எதிர்க்கட்சி ஒரு பக்கம், ஆளுங்கட்சி ஒரு பக்கம் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். தலைநகரிலிருந்து கேள்விகள் வந்தன. பேசினீரா? பேசினேன் என்று பதில் அனுப்பினார். பேசிய சொல்லையும் சேர்த்தே அனுப்பினார். இடையில் யாரை அனுப்பினீர்? யாரையும் அனுப்பவில்லை என்று பதில். அது உண்மை. திரும்பி வரும்படி உத்தரவு வந்தது.

ஆஸ்பத்திரியில் பையனின் கால் பிழைத்துவிட்டது. கொஞ்சம் சாய்ந்து நடப்பான் என்றார்கள். அவன் ஊருக்குப் போகுமுன் தூதரகத்துக்கு வந்து மாடிப்படி முழுவதும் தானே ஏறிக் காட்டினான். தூதர் கூடவே ஏறினார், பிடிக்காமல்.

அவர் அறையைக் காலிசெய்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. "நான் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இது வந்திருக்காது, சார்," என்று அழுதுவிட்டேன்.

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்கள் போனதால் ஒன்றும் வரவில்லை. நான் ஸ்ட்ரெச்சரைப் பிடித்ததால் வந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு வேலை இருந்திருக்கும். அவனுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கியிருப்பார்கள். கொஞ்ச நேரம் சுடுகிற தரையில் கிடந்திருப்பான், நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அந்தக் கொஞ்ச நேரத்தை அவன் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டான். நானும்தான்."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதிய தூதர் வந்தார். அடுத்த வருஷம் இரண்டு நாடுகளும் சமாதானம் ஆயின. அலைதடுப்புச் சுவரும் கட்டினார்கள். அதற்கு நாங்கள்தான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். தேங்காய்க்கு விலை இறங்கியது, எண்ணெய்க்கு விலை ஏறியது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். எங்கள் பழைய தூதருக்கு ஊரில் ஒரு மூலை மேஜை கொடுத்தார்கள். சீக்கிரமே விலகி, கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தப் போய்விட்டார் என்று கேள்வி.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் ஊர் திரும்பிய காலைப் பொழுதை.

தண்டனையாகத் திரும்பிப் போகிறவரை வழியனுப்ப விமான நிலையத்துக்கு யார் வருவார்கள்? மற்ற தூதரகங்கள் இளையவர்களை அனுப்பியிருந்தன. அவர்களும் கைகொடுத்துவிட்டு நழுவினார்கள். நான், என் கணவர், மகள், மாணிக்கம், அவ்வளவுதான். என் கணவர் வழிக்கு என்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்போதெல்லாம் விமான நிலையம் ஒரே ஒரு கூடம்தான். அதன் கடைசி பெஞ்சில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரிய நாட்டின் தூதர். அவர் பக்கத்தில் கைத்தடியோடு அந்த அம்மாள்.

மாணிக்கம் என் காதருகே வந்து, "அக்கா, இவுக எந்த ஃப்ளைட்டுக்கா வந்துருக்காக?" என்றான்.

பலகையைப் பார்த்தேன். அந்தக் காலையில் இருந்தது எங்கள் தூதர் ஏறப் போகும் விமானம் ஒன்றுதான். அவர்கள் கையில் பையும் இல்லை, பெட்டியும் இல்லை. கூடத்தில் வேறு யாரும் அவர்களுக்குத் தெரிந்தவர்களாகவும் இல்லை.

அழைப்பு வந்தது. எங்கள் தூதர் என் மகளின் தலையைத் தொட்டுவிட்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைகள்," என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். வாசலுக்குப் போக அந்தப் பெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும்.

அவர் அருகில் வந்ததும் பெரிய நாட்டின் தூதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்த அம்மாளும் தடியை ஊன்றி, சிரமப்பட்டு எழுந்தார். ஒரு வார்த்தை இல்லை, தலையசைப்பு இல்லை. இரண்டு உத்தரவுகளும் அப்போதும் அமலில் இருந்தன. எழுந்து நிற்பதைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

எங்கள் தூதர் ஒரு கணம் நின்றார். பெட்டியைக் கீழே வைத்து, கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்தார். மறுபடி பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

கண்ணாடி வழியாக விமானம் தெரிந்தது. என் கணவர் என் தோளைத் தொட்டு, போகலாமா என்றார். நான் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் ஓடிப் போய், மேலெழும்பி, கண்ணுக்கு மறையும்வரை அவர்கள் இருவரும் உட்காரவில்லை.